32769: ஒரு சங்கிலி தன் எண்ணைத் தேடிய வரலாறு

கிரிப்டோ நாணயங்களில் பரிவர்த்தனை என்பது, ஒருவர் தம் தனிச்சாவியைக் கொண்டு கையொப்பமிட்ட ஒரு செய்தியே ஆகும். தனிச்சாவி என்பது கணக்கின் உரிமையாளரிடம் மட்டுமே இருக்கும் மிகப் பெரிய ஓர் எண். அந்த எண்ணையும் செய்தியையும் கணிதமுறையில் பிணைத்துப் பெறப்படும் மதிப்பே கையொப்பம் எனப்படுகிறது. இவ்வாறு கையொப்பமிட்ட செய்தியைப் பெறும் எந்தக் கணினியும், வங்கியையோ அரசையோ கேட்காமல், உரிமையாளர்தான் இதற்கு ஒப்புதல் தந்தாரா என்று தானே சரிபார்த்துக்கொள்ளலாம். பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் கணக்கேடாகிய பிளாக்செயின் முழுவதும் இந்தப் பண்பின்மீதே நிற்கிறது. சிக்கல் தோன்றுவதும் இங்கேதான். எதீரியம் சங்கிலியின் விதிகளைப் பின்பற்றி அமைந்த பிற சங்கிலிகள் அனைத்திலும் ஒரே தனிச்சாவிக்கு ஒரே முகவரி கிடைப்பதால், ஒன்றுக்காக எழுதிய செய்தியை மற்றொன்றின் கணினிகளும் குறையொன்றும் காணாமல் ஏற்றுக்கொள்ளக்கூடும். எந்தச் சங்கிலிக்கு என்பது செய்திக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இதைத் தடுக்க முடியும். அவ்வாறு எழுதப்படும் எண் சங்கிலி எண் என்று அழைக்கப்படுகிறது.

தனித்த எண்ணை வழங்குவது, வழங்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கும்போது, எளிய செயல். சிங்கப்பூரில் 1995 முதல் நடைமுறையில் இருக்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இதற்கு நல்ல சான்று. தோ பாயோ லோரோங் 6-இல் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மையத்தின் கட்டட எண் 480. இதே எண்ணைக் கொண்ட புளோக் வேறொரு குடியிருப்புப் பேட்டையிலும் இருக்கக்கூடும் என்பதால், வட்டாரத்தைக் குறிக்கும் 31 முன்னே சேர்க்கப்பட்டு அதன் குறியீடு 310480 ஆகிறது. லோரோங் 1ஏ-இல் உள்ள 138ஏ புளோக்கின் எழுத்து ஒட்டும் மூன்றாம் இலக்கமாக மாற்றப்பட்டு 311138 என்று அமைகிறது. எண்ணைப் பகிர்ந்தளிப்பவர் ஒருவரே என்பதால் இரு கட்டடங்களுக்கு ஒரே குறியீடு வருவதில்லை. சங்கிலிகளின் உலகில் அத்தகைய ஒருவர் இல்லை. யாரும் யாரையும் கேட்காமல் ஒரு சங்கிலியைத் தொடங்கலாம், தமக்குப் பிடித்த எண்ணையும் அதற்குச் சூட்டலாம்.

இந்தக் குறை வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று என்பதை 2016-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதம், ‘தி டிஏஓ’ எனப்பட்ட கூட்டு முதலீட்டு ஒப்பந்தத்தின் நிரல் பிழையைப் பயன்படுத்தி ஒருவர் எதீரியத்தின் நாணயமான ஈதரில் ஏறத்தாழ 36 லட்சத்தைத் தம் வசமாக்கிக்கொண்டார். அதை மீட்பதற்காக எதீரியத்தின் விதிகள் ஜூலை 20 அன்று, பரிவர்த்தனைகள் வரிசையாகச் சேர்க்கப்படும் தொகுதிகளில் 19,20,000-ஆவதில், மாற்றப்பட்டன. மாற்றத்தை ஏற்காதவர்கள் பழைய விதிகளோடே தொடர்ந்தனர். அவர்களது சங்கிலி எதீரியம் கிளாசிக் எனப் பெயர் பெற்றது. பிளவு நிகழ்ந்த நொடியில் இரு சங்கிலிகளிலும் கணக்குகள், இருப்புகள், சாவிகள் அனைத்தும் ஒன்றாகவே இருந்தன. ஆகையால் ஒருவர் எதீரியத்தில் நண்பருக்கு 10 ஈதர் அனுப்பினால், அந்தக் கையொப்பமிட்ட செய்தியை எவரும் படியெடுத்து மற்ற சங்கிலியில் இட்டு, அங்கிருந்த 10 கிளாசிக் ஈதரையும் அதே நண்பரின் கணக்குக்கு நகர்த்த முடிந்தது. மறுபயன்பாட்டுத் தாக்குதல் என்று இது அழைக்கப்படுகிறது. தாக்குதல் என்ற சொல் சற்று மிகையானது. கையொப்பம் உண்மையானது, கணினிகளும் விதிப்படியே நடந்தன, திருடப்பட்ட சாவி ஏதும் இல்லை.

இதற்கான தீர்வை விட்டாலிக் புட்டெரின் அவ்வாண்டு அக்டோபரில் முன்மொழிந்தார். ஈஐபி-155 என்று எண்ணிடப்பட்ட அந்த முன்மொழிவு நவம்பர் 22 அன்று எதீரியத்தில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கையொப்பத்திற்கு உள்ளாகும் செய்தியில் ஆறு புலங்கள் இருந்தன: கணக்கின் வரிசை எண், எரிபொருள் எனப்படும் கட்டணத்தின் விலை, அதன் உச்ச அளவு, பெறுபவர் முகவரி, தொகை, கூடுதல் தரவு. புதிய முறையில் இவற்றோடு சங்கிலி எண்ணும் இரு சுழியங்களும் சேர்ந்து ஒன்பது புலங்களாயின. கையொப்பத்தின் இறுதியில் வரும் ‘வீ’ என்னும் சிறு மதிப்பு, முன்பு 27 அல்லது 28 ஆக இருந்தது, இப்போது சங்கிலி எண்ணின் இரு மடங்கோடு 35 அல்லது 36 கூட்டிய தொகையாக மாறியது. எண் 1 கொண்ட எதீரியத்தில் அது 37 அல்லது 38. பின்னர் 61 என்ற எண்ணை ஏற்ற எதீரியம் கிளாசிக்கில் 157 அல்லது 158. ஒரு சங்கிலிக்கான செய்தியை மற்றொன்றில் இட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. எண்ணை மட்டும் திருத்தி எழுதினாலோ கையொப்பம் செல்லாததாகிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குவது நல்லது. கணினிகள் ஒன்றோடொன்று முதன்முதலில் தொடர்புகொள்ளும்போது, ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவைதாமா என்று அறிய வலையமைப்பு எண் என்ற வேறோர் எண்ணைப் பரிமாறிக்கொள்கின்றன. எதீரியம் கிளாசிக்கின் சங்கிலி எண் 61 ஆனபோதும் அதன் வலையமைப்பு எண் 1 ஆகவே நீடித்தது. அதனால் பெருங்கேடு எதுவும் விளையவில்லை. வலையமைப்பு எண்ணில் எவரும் கையொப்பமிடுவதில்லை என்பதே காரணம். ஓர் அடையாள எண்ணின் மதிப்பு அது எவ்வளவு அரியது என்பதைவிட, அது எதற்குள் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று கொள்ளலாம்.

சிங்கப்பூரில் பிறந்த ஸில்லிக்கா என்னும் சங்கிலியின் வரலாறு இதனை வேறெதையும்விடத் தெளிவாக விளக்குகிறது. அதன் வேர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிரதீக் சக்சேனா, சேத் கில்பர்ட், லோய் லூ உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. வலையமைப்பிலுள்ள கணினிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் பரிவர்த்தனைகளின் ஒரு பகுதியை மட்டும் ஒரே நேரத்தில் சரிபார்க்கச் செய்தால் வேகம் கூடும் என்பதே அதன் கருத்து. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2017-இல் நிறுவனம் அமைந்தது. 2019 ஜனவரி இறுதியில் முதன்மைச் சங்கிலி இயங்கத் தொடங்கியது.

ஸில்லிக்காவின் வடிவமைப்பாளர்கள் சங்கிலி எண்ணைத் தொடக்கத்திலேயே செய்திக்குள் வைத்தனர். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் முதலில் வரும் பதிப்புப் புலம் நான்கு பைட் நீளமுள்ளது. அதன் மேற்பாதி சங்கிலி எண்ணையும் கீழ்ப்பாதி செய்தி வடிவத்தின் பதிப்பையும் தாங்குகிறது. முதன்மைச் சங்கிலிக்கு 1 என்றும், நிரலாளர்கள் பழகிப் பார்ப்பதற்கான சோதனைச் சங்கிலிக்கு 333 என்றும் எண்கள் இடப்பட்டன. எனவே முதன்மைச் சங்கிலியின் பதிப்புப் புலம் 65,536-ஐ ஒன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டிய 65,537 ஆகவும், சோதனைச் சங்கிலியில் அதே முறையில் 2,18,23,489 ஆகவும் அமைந்தது. முதல் சங்கிலிக்கு 1 என்பதைவிட இயல்பான தேர்வு இருக்க முடியாது. ஆனால் எதீரியத்தின் எண்ணும் 1 தான்.

ஆயினும் நான்கு ஆண்டுகள் இந்த ஒற்றுமையால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. ஸில்லிக்காவின் கையொப்ப முறை ஷ்னோர் என்பவரின் பெயரால் வழங்குவது. எதீரியம் பயன்படுத்தும் முறை வேறு. செய்தியின் வடிவமும் வேறு. தனிச்சாவியிலிருந்து முகவரியைப் பெறுவதற்கான ஹாஷ் சார்பும், அதாவது எந்த நீளத் தரவையும் குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் கணித விதியும், வேறுபட்டது. ஆகவே எண் ஒன்றாக இருந்தும், ஒரு சங்கிலியின் செய்தி மற்றொன்றின் கணினிகளுக்குப் பொருளற்ற தரவாகவே தெரிந்தது.

குழப்பம் வந்தது மனிதர் பக்கத்திலிருந்து. இரு சங்கிலிகளின் முகவரிகளும் 20 பைட் நீளம் கொண்டவை, பதினாறடிமான எண்முறையில் எழுதினால் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுபவை. மேலும், முதன்மைச் சங்கிலி தொடங்குவதற்கு முன் ஸில்லிக்காவின் நாணயமான ஸில், எதீரியத்தின் மேல் டோக்கன் எனப்படும் இடைக்கால வில்லையாகவே புழங்கியது. அதை வாங்கியவர்கள் அனைவரிடமும் எதீரிய முகவரி இருந்தது. புதிய சங்கிலியின் நாணயத்தைப் பழைய முகவரிக்கு அனுப்பினால் அதைத் திறக்கும் சாவி எவரிடமும் இராது. இதைத் தவிர்க்க ஸில்லிக்கா, பெச்32 என்ற முறையில் முகவரிகளை எழுதும் வழக்கத்தை ஏற்றது. அம்முறையில் ஒவ்வொரு முகவரியும் ‘ஸில்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கி, பிழையைக் கண்டறியும் ஆறு எழுத்துகளோடு முடியும். தொடக்க எழுத்துகளுக்குப் பின் வரும் 1 சங்கிலி எண் என்று சிலர் எண்ணக்கூடும். அது முன்னொட்டையும் முகவரியையும் பிரிக்கும் குறி மட்டுமே.

2023-இல் நிலைமை மாறியது. எதீரியத்திற்காக எழுதப்பட்ட ஸ்மார்ட் ஒப்பந்தங்கள், அதாவது சங்கிலியின் மேல் தாமாக இயங்கும் நிரல்கள், ஸில்லிக்காவிலும் ஓட வேண்டும் என்றும், சாவிகளைக் காத்துக் கையொப்பமிடும் எதீரிய வாலட் செயலிகள் அப்படியே இங்கும் பயன்பட வேண்டும் என்றும் முடிவாகி, எதீரிய வடிவச் செய்திகளையும் அச்சங்கிலி ஏற்கத் தொடங்கியது. அதுவரை தடுத்து நின்ற வேறுபாடுகள் அனைத்தும் அந்தப் புதிய வாயிலில் நீங்கிவிட்டன: அதே கையொப்ப முறை, அதே செய்தி வடிவம், அதே முகவரி. எண்ணும் 1 ஆகவே இருந்திருந்தால், எதீரியத்தில் நிகழும் பரிவர்த்தனைகளை ஸில்லிக்காவில் மறுபடி இடுவதற்குக் கதவு திறந்துவிட்டது போலாகியிருக்கும். தன் வளவுக்குள் போதுமானதாக இருந்த 480 என்ற எண், நகர் முழுவதற்குமான பட்டியலில் 310480 ஆக வேண்டியிருப்பதைப் போன்ற கட்டாயம் இது.

தேர்ந்தெடுத்த வழி சிக்கனமானது. பழைய சங்கிலி எண் பதினாறு பிட் இடத்தில் அடங்கியது. அதன் மிக உயர்ந்த பிட், 32,768 என்ற மதிப்புடையது, பயன்படாமலே கிடந்தது. எதீரிய வடிவச் செய்திகளுக்கு மட்டும் அந்தப் பிட்டை உயிர்ப்பித்தால், 1 என்பது 32,769 ஆகவும் 333 என்பது 33,101 ஆகவும் மாறும். இவ்விரு எண்களுமே இன்று வாலட் செயலிகளில் ஸில்லிக்காவைச் சேர்க்கும்போது காணப்படுபவை. ஒரே சங்கிலி, உள்ளிருந்து வரும் பழைய செய்திக்கு 1 என்றும் வெளியுலகின் செய்திக்கு 32769 என்றும் இரு எண்களால் அழைக்கப்படும் நிலை இவ்வாறு உருவானது. புதிதாக ஓர் எண்ணைத் தேடி எடுப்பதைவிட இது மேலானது என்றே சொல்ல வேண்டும். பழைய எண்ணிலிருந்து புதியது கணக்கிடப்படுவதால், எதிர்காலச் சோதனைச் சங்கிலிகளுக்கும் அதே விதி பொருந்தும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒவ்வொரு சங்கிலிக்கும் தானாகவே ஓர் அடையாளம் அமையாதா என்ற கேள்வி இங்கே எழலாம். அமையும். ஒவ்வொரு சங்கிலிக்கும் தொடக்கத் தொகுதி ஒன்று உண்டு. பிட்காயினின் தொடக்கத் தொகுதி 2009 ஜனவரி 3 என்ற நாளைத் தாங்கியது. அத்தொகுதியின் ஹாஷ் மதிப்பு 64 பதினாறடிமான இலக்கங்கள் கொண்டது. வேறொரு சங்கிலிக்குத் தற்செயலாக அதே மதிப்பு அமையும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, எந்தப் பட்டியலும் தேவையில்லை. ஆனால் இந்த அடையாளம் தோற்றுப்போவது, அது மிகவும் தேவைப்படும் இடத்திலேயே. 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயினிலிருந்து பிரிந்த பிட்காயின் கேஷுக்கும் மூலச் சங்கிலிக்கும் தொடக்கத் தொகுதி ஒன்றே. எதீரியத்திற்கும் கிளாசிக்கிற்கும் அவ்வாறே. பிறப்பை வைத்து உடன்பிறந்தோரைப் பிரித்தறிய இயலாது என்பதால், பிளவுக்குப் பின் வந்த முதல் தொகுதியின் ஹாஷைக் கிளைச் சங்கிலியின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் வந்தது. எது மூலம், எது கிளை என்பதை அந்த வழக்கத்தால் முடிவுசெய்ய முடியாது. அதை மக்கள்தாம் முடிவுசெய்கிறார்கள், சில வேளைகளில் கடுஞ்சண்டைக்குப் பின்.

எதீரியக் குடும்பத்தின் எண்களையும் பிட்காயின் குடும்பத்தின் ஹாஷ்களையும் ஒரே எழுத்துமுறைக்குள் கொண்டுவரும் முயற்சியே கெய்ப்-2 என்னும் தரநிலை. அதில் ஒவ்வோர் அடையாளமும் குடும்பப் பெயர், முக்காற்புள்ளி, உட்குறிப்பு என்ற வரிசையில் எழுதப்படும். எதீரியம் ஈஐபி155:1 என்றும், ஸில்லிக்கா ஈஐபி155:32769 என்றும் அமையும். உட்குறிப்பு 32 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது என்பதால் பிட்காயினின் ஹாஷ் முதல் பாதியோடு வெட்டப்படுகிறது. அந்த 32 இலக்கங்களில் முதல் பத்தும் சுழியங்கள். தோண்டுதல் எனப்படும் கணக்கீட்டுப் போட்டியின் விதிப்படி ஹாஷ் சுழியங்களோடு தொடங்கியாக வேண்டும். பின்பாதியை வைத்துக்கொண்டிருந்தால் தனித்தன்மை மிகுந்திருக்கும் என்று தோன்றினாலும், எஞ்சியுள்ள 22 இலக்கங்களே தேவைக்கு மிகையானவை.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தாலும், நடைமுறையில் ஒரு பொதுப் பட்டியல் உருவாகியிருக்கிறது. எதீரிய நிரலாளர்கள் திறந்த மூல முறையில் பராமரிக்கும் அந்தப் பட்டியலில், ஓர் எண்ணை முதலில் பதிவுசெய்ய விண்ணப்பிப்பவருக்கே அது சேரும். இரண்டாமவர் வேறு எண்ணைத் தேட வேண்டும். சட்டப்படியான அதிகாரம் அதற்கு எதுவுமில்லை, ஆனால் வாலட் செயலிகள் அதைப் பார்த்தே நடப்பதால் மீறுவது எளிதல்ல. எண்களைத் தேர்ந்தெடுப்பதில் மனிதக் குறும்பும் புகுந்திருக்கிறது: பேஸ் என்ற சங்கிலியின் 8453, அதன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைப் போலத் தோன்றும் இலக்கங்களால் ஆனது.

பட்டியலைப் பார்க்காமல் எண்ணெடுத்தவர்கள் 2022-இல் பாடம் கற்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று எதீரியம் தோண்டுதல் முறையைக் கைவிட்டபோது, பழைய முறையைத் தொடர விரும்பியவர்கள் எதீரியம்பவ் என்ற கிளையைத் தொடங்கி, அதற்கு 10001 என்ற எண்ணை இட்டனர். அது பிட்காயின் கேஷைச் சார்ந்த ஸ்மார்ட்பிசிஎச் என்ற சங்கிலியின் சோதனை வலையமைப்புக்கு ஏற்கெனவே பதிவானது; புதிய சங்கிலியை வாலட்டில் சேர்க்க முயன்றவர்கள் திணறினர். அடுத்த சில நாள்களில் இன்னும் நுட்பமான கேடு ஒன்று வெளிப்பட்டது. சங்கிலிகளுக்கிடையே நாணயத்தை நகர்த்தும் ஆம்னி பாலம் என்ற ஒப்பந்தம், தான் எந்தச் சங்கிலியில் இயங்குகிறது என்பதை அந்த நேரத்தில் கேட்டறியாமல், முன்பே எழுதிவைத்த எண்ணையே நம்பியது. பிளவின்போது ஒப்பந்தமும் அதற்குள் இருந்த எண்ணும் இரு பக்கமும் அப்படியே படியெடுக்கப்பட்டதால், கிளைச் சங்கிலியில் இருந்த படி தன்னை மூலச் சங்கிலி என்றே கருதிக்கொண்டது. ஒருவர் மூலத்தில் 200 ஈதரை நகர்த்திய செய்தியைக் கிளையிலும் இட்டு, அங்கேயும் 200 நாணயங்களைப் பெற்றுக்கொண்டார். இயங்கும் சங்கிலியின் எண்ணை நேரடியாகக் கேட்டறியும் கட்டளையை எதீரியம் 2019 டிசம்பரிலேயே ஒப்பந்தங்களுக்குத் தந்திருந்தது.

எண்ணே இல்லாத கையொப்பங்களும் முற்றாக மறையவில்லை. ஈஐபி-155 பழைய வகைச் செய்திகளைத் தடைசெய்யாமல் விட்டதால், அவை இன்றும் செல்லுபடியாகும். 2022-இல் ஆப்டிமிசம் என்ற சங்கிலியின் அறக்கட்டளை, வின்டர்மியூட் என்ற வணிக நிறுவனத்திற்கு 2 கோடி ஓபி வில்லைகளை அனுப்பியது. நிறுவனம் தந்திருந்த முகவரி எதீரியத்தில் இருந்த ஒரு கூட்டுக் கணக்கு ஒப்பந்தத்தினுடையது. ஆப்டிமிசத்தில் அதே முகவரியில் அப்போது எதுவும் இல்லை. அத்தகைய ஒப்பந்தங்களை உருவாக்கும் மூல நிரலை எதீரியத்தில் நிறுவிய பழைய பரிவர்த்தனையில் சங்கிலி எண் இல்லை என்பதைக் கண்டுகொண்ட ஒருவர், அதை அப்படியே ஆப்டிமிசத்தில் இட்டு மூல நிரலை அங்கே நிறுவி, அதன்வழி அந்த முகவரியைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். வில்லைகளில் பெரும்பகுதி பின்னர் திருப்பித் தரப்பட்டது.

சங்கிலி எண்ணோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு எண்வரிசைகளும் உண்டு. தனிச்சாவிகளைச் சேமிக்கும் ட்ரெஸர் கருவியை உருவாக்கிய பிராக் நகர சடோஷிலேப்ஸ் நிறுவனம் பராமரிக்கும் ஸ்லிப்-44 பட்டியலில் பிட்காயினுக்கு 0, எதீரியத்திற்கு 60, ஸில்லிக்காவிற்கு 313. ஒரே மூலச் சொற்றொடரிலிருந்து ஒவ்வொரு நாணயத்திற்கும் தனித்தனிச் சாவிகளைப் பெறுவதற்கான கிளை எண்கள் இவை. எதீரியம் கிளாசிக்கிற்கு இப்பட்டியலிலும் 61 என்றே அமைந்திருப்பதால், இரண்டும் ஒன்று என்று நம்புவோர் பலர். நிதி நிறுவனங்களின் ஆவணங்களுக்காக ஐஎஸ்ஓ 24165 என்ற தரநிலை 2021-இல் வந்தது. அது சங்கிலியை விட்டு, ஒவ்வொரு மின்னிலக்க வில்லைக்கும் ஒன்பது குறிகளால் ஆன அடையாளத்தைத் தருகிறது. அதன் தேவையை உணர எக்ஸ்எஸ்ஜிடி போதும்: சிங்கப்பூர் வெள்ளிக்கு நிகராக ஸ்ட்ரெய்ட்ஸ்எக்ஸ் வெளியிடும் இந்த வில்லை 2020-இல் ஸில்லிக்காவில் தொடங்கிப் பின்னர் எதீரியம், பாலிகன் முதலிய சங்கிலிகளுக்கும் பரவியது. பெயரும் மதிப்பும் ஒன்றே ஆயினும், ஒன்றைப் பெறும் ஒப்பந்தம் மற்றொன்றை அறியாது. எந்த எக்ஸ்எஸ்ஜிடி என்பதைச் சொல்லச் சங்கிலி எண்ணும் ஒப்பந்த முகவரியும் சேர்ந்தே வர வேண்டும். நிதிச் சொத்துகளை வில்லைகளாக்கிச் சோதிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் கார்டியன் திட்டத்தில் 2022 நவம்பரில் டிபிஎஸ், ஜேபி மார்கன், எஸ்பிஐ ஆகியவை செய்துகாட்டிய முதல் முன்னோடிப் பரிமாற்றமும் 137 என்ற எண்ணுடைய பாலிகன் பொதுச் சங்கிலியில்தான் நடந்தது.

எண்ணைக் கையொப்பத்திற்குள் பூட்டும் கொள்கை இவ்வளவு பாடுபட்டு நிலைபெற்ற பிறகு, எதீரியமே அதில் ஒரு விதிவிலக்கை அனுமதித்திருக்கிறது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஈஐபி-7702, ஒரு சாதாரணக் கணக்கு தன் பொறுப்பை ஓர் ஒப்பந்த நிரலிடம் ஒப்படைக்க வழிசெய்கிறது. அந்த ஒப்படைப்புச் செய்தியில் சங்கிலி எண்ணின் இடத்தில் 0 என்று எழுதிக் கையொப்பமிட்டால், அவ்வசதியை ஏற்ற எல்லாச் சங்கிலிகளிலும் அது செல்லும். பல சங்கிலிகளில் கணக்கு வைத்திருப்பவர் ஒவ்வொன்றிற்கும் தனியே கையொப்பமிட வேண்டியதில்லை என்ற வசதிக்காகவே இது சேர்க்கப்பட்டது. கணக்கின் வரிசை எண் பொருந்த வேண்டும் என்ற ஒரே தடை மட்டும் எஞ்சியிருக்கிறது. கணக்கு இதுவரை பயன்படாத சங்கிலிகள் அனைத்திலும் அந்த வரிசை எண் சுழியமாகவே இருக்கும் என்பதால், வாலட் செயலியின் திரையில் அந்த 0 தோன்றும்போது எதை எச்சரிக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர்கள் இனித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.